படுவான்கரையில் புதைந்த நகைகளும் ஸ்கொட்லாந்துத் தீவுப் புதையல்களும்: உரியவர் யார்?

வெல்லாவெளிப் பக்கம் ‘புதையல்’ என்று சொன்னால் இரண்டு விதமான ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பாறைகளுக்கு அடியில் பழைய அரசர்கள் வைத்துப்போன பொற்குடம் இருக்கிறதென்று நம்பி, இரவில் மண்வெட்டியும் ஸ்கேனர் கருவியும் மந்திரவாதியுமாகப் போகிறவர்கள் ஒரு வகை. மற்ற வகை வயதான பெண்கள். 1990இல் ஒருமுறை, 2007இல் மறுமுறை, செல் விழ விழ வீட்டை விட்டு ஓடுவதற்கு முன் கோடியிலோ மாமரத்தடியிலோ கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்திலோ ஒரு போத்தலைப் புதைத்தவர்கள் இவர்கள். முதல் வகையினர் பிடிபட்டால் மறுநாள் செய்தியாகிவிடுகிறார்கள். இரண்டாம் வகையினரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எழுதும்படி அவர்கள் கேட்டதுமில்லை.

2025 மே 2ஆம் திகதி, யுத்த காலத்தில் வடக்கு கிழக்கில் தாம் மீட்ட தங்க, வெள்ளிப் பொருட்களை இராணுவம் பொலிஸாரிடம் ஒப்படைத்தது. பாதுகாப்புச் செயலாளரும் பதில் பொலிஸ்மா அதிபரும் அந்த நிகழ்வில் இருந்தார்கள். தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகாரசபை மதிப்பிட்ட பிறகு அவை மத்திய வங்கியில் வைக்கப்படும், சட்டப்படி உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று சொல்லப்பட்டது. யுத்தம் முடிந்து 16 ஆண்டுகள் ஆகும் தறுவாயில் இது நடந்தது. பத்திரிகைகள் ‘புலிகளின் தங்கம்’ என்றே தலைப்புப் போட்டன. அந்தத் தலைப்போடுதான் எனக்குப் பிணக்கு. தாலிக்கொடி, அட்டியல், குழந்தைக்குப் போட்ட காப்பு, மெட்டி: இவை எந்த இயக்கத்தின் பெயராலும் பிறந்த பொருட்கள் அல்ல.

அந்த வாரம் ரொறன்ரோவில் இருக்கும் என் சின்னம்மாவின் மகன் எடுத்துப் பேசினான். அவன் பல வருடமாக ‘ஓக் தீவின் சாபம்’ என்ற தொலைக்காட்சித் தொடரை விடாமல் பார்க்கிறவன். கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் சின்னத் தீவு அது. 1795இல் டானியல் மக்கினிஸ் என்ற இளைஞர் அங்கே நிலத்தில் ஒரு பள்ளத்தைக் கண்டார் என்பதில் கதை தொடங்குகிறது. இருநூறு ஆண்டுக்கு மேலாகத் தோண்டுகிறார்கள். ஆறு பேர் செத்திருக்கிறார்கள். அதில் நால்வர் 1965 ஓகஸ்ட் மாதம் ஒரே நாளில் ஒரே குழிக்குள். ஏழாவது ஆள் செத்தால்தான் புதையல் வெளிப்படும் என்று அங்கேயும் ஒரு பேச்சு இருக்கிறது. நரபலி கேட்கும் பூதம் எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமில்லைப் போலும்.

நோவா ஸ்கோஷியா என்ற பெயருக்கே புதிய ஸ்கொட்லாந்து என்றுதான் பொருள். அதனால் அந்தப் புதையலுக்கு ஸ்கொட்லாந்துக் குடும்பங்களோடு உறவு தேடுவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. ஓர்க்னித் தீவுகளின் பிரபு ஹென்றி சின்கிளேயர் 1398இல், கொலம்பஸுக்கு முன்பே அட்லாண்டிக்கைக் கடந்து வந்து, தெம்ப்ளர் வீரர்களின் செல்வத்தைப் புதைத்தார் என்று ஒரு கதை. சான்று கேட்டால் பெயர்தான் சான்று. சின்கிளேயர் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் வம்சாவளி வரைந்து, எச்சில் குப்பியில் மரபணு அனுப்பி, தங்களைப் புதையலோடு கட்டிக்கொள்கிறார்கள். வரலாற்றாசிரியர்கள் இந்தக் கடற்பயணக் கதையை ஏற்பதில்லை. ஆனாலும் தொடர் 2014இலிருந்து ஓடுகிறது. அங்கே கிடைத்த ஒரே உறுதியான புதையல் அந்தத் தொடரின் விளம்பர வருமானம்தான் என்று தம்பியிடம் சொன்னேன். அவனுக்குக் கோபம்.

ஆனால் அவன் அடுத்துக் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. “அண்ணா, அங்க அறுநூறு வருசத்துக்கு முந்தின ஆளோட சொந்தம் தேடுறாங்க. நம்மட அம்மம்மாட அட்டியல் இருபது வருசம்கூட ஆகல்ல. அதுக்கு ஏன் ஒரு வழி இல்ல?”

உண்மையில் ஸ்கொட்லாந்திலிருந்து எடுத்துக்கொள்ளப் பாடம் இருக்கிறது. ஓக் தீவில் அல்ல, ஸ்கொட்லாந்துக்கே சொந்தமான இரண்டு தீவுகளில்.

முதலாவது செற்லாந்திலுள்ள புனித நினியன் தீவு. 1958 ஜூலையில் அபர்டீன் பல்கலைக்கழகத்தார் அங்கே ஒரு பழைய தேவாலயத்தின் அடித்தளத்தை அகழ்ந்துகொண்டிருந்தார்கள். உதவிக்கு வந்த பாடசாலை மாணவன் ஒருவன் சிலுவை கீறிய ஒரு கற்பலகையைப் புரட்டினான். கீழே ஒரு மரப்பெட்டியின் மிச்சம். அதற்குள் 28 வெள்ளிப் பொருட்கள், கூடவே ஒரு கடற்பன்றியின் தாடை எலும்புத் துண்டு. கி.பி. 800 அளவில் யாரோ அவசரமாகப் புதைத்துவிட்டுத் திரும்பி வராமல் போயிருக்கிறார்கள். வைக்கிங்குகளுக்குப் பயந்து புதைத்தார்கள் என்பது ஆய்வாளர்களின் பொதுவான ஊகம். ஓடுகிறவன் புதைப்பான், ஆபத்து ஓய்ந்தால் வந்து தோண்டலாம் என்று. எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

பிறகுதான் வழக்கு. ஸ்கொட்லாந்துச் சட்டப்படி உரியவர் தெரியாத எந்தப் பொருளும் முடிக்குச் சேரும். பல்கலைக்கழகமும் நிலத்துக்குரியவரும் அதை மறுத்தார்கள். அவர்களின் வாதம் சுவையானது. செற்லாந்து ஒருகாலத்தில் நோர்வேக்குச் சொந்தம். 1469இல், டென்மார்க் - நோர்வே அரசன் தன் மகள் மார்கரெட்டை ஸ்கொட்லாந்தின் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கட்டிக்கொடுத்தபோது, பேசிய சீதனத்தைக் காசாகக் கொடுக்க முடியாமல் தீவுகளை ஈடு வைத்தான். ஈடு மீட்கப்படவே இல்லை. ஆகவே அங்கே பழைய நோர்வே நிலவழமைதான் செல்லும், ஸ்கொட்லாந்து முடிக்குப் புதையலில் உரிமை இல்லை என்றார்கள். 1963இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வெள்ளி எடின்பரோ போனது. இன்றைக்கும் மூலப்பொருட்கள் தலைநகரத்து அருங்காட்சியகத்தில்; செற்லாந்துக்காரர் பார்ப்பது பிரதிகளை.

சீதனத்துக்கு ஈடு வைத்து மூழ்கிப்போன தீவு! மட்டக்களப்பார் யாருக்கும் இந்தக் கதை விளங்கும்.

இரண்டாவது லூயிஸ் தீவு. 1831இல் ஊயிக் என்ற கடற்கரையில், வோல்ரஸின் தந்தத்தில் செதுக்கிய சதுரங்கக் காய்கள் உள்ளிட்ட 93 பொருட்கள் கிடைத்தன. 82 லண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில், 11 எடின்பரோவில். தொகுதியைக் கூட்டிப் பார்த்தால் ஐந்து காய்கள் குறைவு. 2019இல் அவற்றில் ஒன்று வெளிவந்தது. எடின்பரோவில் ஒரு பழம்பொருள் வியாபாரி 1964இல் அதை ஐந்து பவுணுக்கு வாங்கியிருக்கிறார். என்னவென்று அவருக்கும் தெரியாது. அவருக்குப் பிறகு மகளிடம் போய், குடும்பத்தின் மேசை லாச்சிக்குள் கிடந்திருக்கிறது. லண்டனில் ஏலம் போனபோது 735,000 பவுண்.

இந்தக் கதையில் எல்லோரும் விலையைத்தான் பேசினார்கள். எனக்குப் பிடித்தது அந்த வியாபாரியின் கணக்குப் புத்தகம். வோல்ரஸ் தந்தத்தில் ஒரு போர்வீரன் காய் வாங்கியதாக அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியால்தான் அந்தக் குடும்பம் எவ்வளவு காலமாக, எப்படி அதை வைத்திருக்கிறது என்று காட்ட முடிந்தது. தெம்ப்ளர் வீரர்களும் மரபணுக் குப்பியும் செய்யாததை ஒரு துண்டுக் கணக்கு செய்தது.

எங்கள் பக்கத்துக் கடலிலும் கணக்கு இல்லாமல் போன ஒரு புதையல் உண்டு. 1961இல் கிரிந்தைக்கு அப்பால், பெரிய பாஸஸ் பாறைத் திட்டில், மைக் வில்சனும் அவரோடு வந்த இரண்டு சிறுவர்களும் வெள்ளி நாணயக் கட்டிகளைக் கண்டார்கள். ஆர்தர் சி. கிளார்க் பின்னர் அதைப் புத்தகமாக எழுதினார். சூரத் அக்கசாலையில் ஔரங்கசீப் காலத்தில் அடித்த ரூபாய்கள். ஹிஜ்ரி 1113 என்று பொறித்தவை. பை பையாகக் கட்டியபடியே இறுகிப்போயிருந்தன. கப்பலின் பெயர் தெரியாது, காசு யாருக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதும் தெரியாது. பெயர் தெரியாத பொருளுக்குக் கதைதான் மிஞ்சும்.

இனி எங்கள் நிலத்துக்கு வருவோம். இலங்கையின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். கண்டுபிடிக்கப்படாத தொல்பொருள் நிலத்துக்கு அடியில் இருந்தாலும் ஆற்றில், குளத்தில் கிடந்தாலும் அரசுக்குச் சொந்தம் என்கிறது. என் வளவில் கிடைத்தது என்பதால் மட்டும் அது எனதாகிவிடாது. ஸ்கொட்லாந்து முடியின் உரிமைக்கு இது கிட்டத்தட்ட உடன்பிறப்பு. தொல்பொருள் என்றால் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு, அதாவது கண்டி ஒப்பந்த நாளுக்கு, முற்பட்டது. அனுமதியின்றித் தோண்டுவோருக்கான தண்டனைகள் 1998இல் கடுமையாக்கப்பட்டன. இதில் எனக்கு மறுப்பில்லை. மட்டக்களப்பு மாவட்டத்துப் பாறைகளில் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. கிழக்கின் நாகர் பற்றிப் பேராசிரியர் சி. பத்மநாதன் எழுதியதெல்லாம் இப்படியான கற்களை வாசித்துத்தான். புதையல் தேடி வெடி வைக்கிறவன் முதலில் அழிப்பது அந்த எழுத்தை. பொன் கிடைக்காத ஆத்திரத்தில் போகிறவன் பின்னால் விட்டுப்போவது உடைந்த கல்.

ஆனால் இங்கே தொல்லியல் என்ற சொல் வெறும் ஆய்வாக வருவதில்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டபோது அதன் தலைவர் பாதுகாப்புச் செயலாளர். முதலில் பெயரிட்ட உறுப்பினர்களில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு! அதன் பிறகு பெயர்ப்பலகை ஒன்று நடப்பட்டால் சனம் அதைக் காணி போகும் அறிவித்தலாகத்தான் வாசிக்கிறது. வேத்துச்சேனை போன்ற ஊர்களில் எழுந்த தகராறுகளை இந்தப் பின்னணியில்தான் பார்க்கவேண்டும். அடியில் கிடப்பது யாருடைய மூதாதையருடையது என்ற கேள்வி, மேலே யார் குடியிருக்கலாம் என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. சின்கிளேயர் குடும்பத்தாரின் விளையாட்டு இங்கே விளையாட்டு அல்ல.

1815க்குப் பிந்திய பொன்னுக்கு அந்தச் சட்டம் வராது. என் அம்மம்மாவின் அட்டியல் அங்கேதான் தொங்கிக்கொண்டு நிற்கிறது.

அந்தப் பொன் எப்படிச் சேர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஒரு பகுதி அடகு வைத்தது. புலிகளின் நிர்வாகம் இருந்த இடங்களில் தமிழீழ வைப்பகம் 1994இலிருந்து இயங்கியது. நகையை ஈடு வைத்து வெள்ளாமைக்குக் காசு எடுத்தவர்கள் இருந்தார்கள். இன்னொரு பகுதி தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடும்பத்துக்கு இரண்டு பவுண் என்று வாங்கியது. விரும்பிக் கொடுத்தவரும் இருந்தனர், வேறு வழியில்லாமல் கொடுத்தவரும் இருந்தனர். மற்றொரு பகுதியைப் பற்றி எங்கள் மேடைகளில் பேச்சே எழுவதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக்கூடக் கழற்றி வாங்கினார்கள். இன்றைக்கு உரியவரைத் தேடுவதென்றால் புத்தளத்து முகாம்களில் வளர்ந்த அந்தப் பிள்ளைகளின் பெயரும் பட்டியலில் இருக்கவேண்டும். ‘தமிழரின் தங்கம்’ என்று மாற்றிச் சொல்வதும் ‘புலிகளின் தங்கம்’ என்பதைப் போலவே அரைகுறை.

அடகுச் சிட்டை எங்கே என்று கேட்பார்கள். 2014 ஒக்டோபரில் அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச கிளிநொச்சியில் சிலரை மேடைக்கு அழைத்து நகைகளைத் திருப்பிக் கொடுத்தார். தேர்தல் நெருங்கிய காலம். படம் எடுத்தார்கள். ஆனால் அது ஒன்றை நிரூபித்தது: அடையாளம் காண முடியும், எண்ணோடும் பெயரோடும் கட்டிவைத்த பொதிகள் இருந்திருக்கின்றன. பதினொரு வருடமாக அந்த வேலை ஏன் நகரவில்லை என்பதுதான் கேள்வி.

சிட்டை இல்லாதவர்களின் நிலைமையை நான் படுவான்கரையை வைத்துச் சொல்கிறேன். 2007 மார்ச்சில் வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவுப் பக்கங்களிலிருந்து சனம் ஆற்றைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடியபோது, மாவட்டத்தில் இடம்பெயர்ந்தவர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேல். குருமண்வெளித் துறையில் இறங்கியவர்களில் அடையாள அட்டையைக் காப்பாற்றியவரே கெட்டிக்காரர். சிட்டை யாரிடம் இருக்கும்? திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, மாமரம் இல்லை, வளவில் பெக்கோ ஓடிய தடம். போத்தல் புதைத்த இடத்துக்கு அடையாளமாக இருந்த மரமே இல்லையென்றால் எங்கே தோண்டுவது? சிலர் கண்டெடுத்தார்கள். சிலருக்குக் கிடைக்கவில்லை. சிலர் திரும்பி வரவே இல்லை. அவர்கள் புதைத்தது எங்கே என்று வேறு யாருக்கும் தெரியாது. அது உண்மையான புதையலாகவே ஆகிவிட்டது, புனித நினியன் தீவின் வெள்ளியைப் போல.

என் அம்மம்மாவுடையது அடகில் போனது. ஒரு பெரும்போக விதைப்புக்கு வைத்தார். வைத்தது மாமாவின் பெயரில். மாமா 2009க்குப் பிறகு இல்லை. இருக்கிறார் என்றோ செத்தார் என்றோ சொல்ல ஒரு தாளும் எங்களிடம் இருக்கவில்லை. 2016இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு காணாமற்போனவர் என்ற சான்றிதழ் எடுக்கலாம் என்று வந்தது. அம்மம்மா அதற்குக் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றார். “பொன் போனாப் போகட்டும் மனே, புள்ள போயிட்டான் எண்டு நான் எழுதித் தரமாட்டன்.” வாரிசு என்று காட்ட வேண்டிய இடத்தில் ஒரு தாய் நிற்கும் நிலை இது. அலுவலகங்களின் படிவத்தில் இந்தப் பதிலுக்குக் கூடு இல்லை.

இன்னொரு சிக்கல் எங்கள் வழமையில் இருக்கிறது. ஸ்கொட்லாந்துக் குலம் தகப்பனின் பெயரில் ஓடுகிறது. மக்கினிஸ் மகன் மக்கினிஸ். மட்டக்களப்பில் குடி தாய்வழி. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்று கோயில் உரிமைகள் குடிகுடியாகப் பிரிந்து கிடப்பதை மட்டக்களப்பு மான்மியம் படித்தவர்கள் அறிவார்கள். கொக்கட்டிச்சோலையிலும் மண்டூரிலும் இன்றைக்கும் திருவிழாக் காலத்தில் அந்தக் கணக்குப் பேசப்படும். வீடும் வளவும் மகளுக்குப் போகும், மருமகன் அங்கே குடிவருவான். நகையும் அப்படித்தான்: அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து மூத்த மகளுக்கு. ஆனால் அடகு வைக்கப் போவது ஆண். சிட்டையில் ஏறுவது அவன் பெயர். வாரிசுச் சான்று கேட்டால் அவன் மனைவியும் பிள்ளைகளும்தான் வருவார்கள், அவர்கள் வேறு குடி. பொருள் உண்மையில் யாருடையது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், தாளில் வேறொருவர். இந்தக் கிழக்குத் தாய்வழி முறையை மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே பல பத்தாண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கொழும்பில் படிவம் தயாரிப்பவர்கள் அதில் நாலு பக்கம் படித்தால் போதும், அக்காவும் மச்சாளும் ஒரே அட்டியலுக்காக நீதிமன்றம் ஏறுவதைத் தடுக்கலாம்.

தாள் இல்லாத இடத்தில் பொருள் பேசும் என்பதே என் வாதம். அட்டியலின் பதக்கம் எப்படி, தாலியின் உரு எப்படி, கொடியில் எத்தனை பவுண், எந்தத் தட்டார் செய்தார் என்பதெல்லாம் பெண்களின் ஞாபகத்தில் இருக்கிறது. கலியாணப் படம் ஏதாவது ஒரு வீட்டில் மிஞ்சியிருக்கும். வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரரின் அல்பத்தில் நிச்சயம் இருக்கும். அடகு வைத்த ஆளின் பெயர் மட்டும் எழுதிய பட்டியலை வெளியிடுவதால் எங்களுக்குப் பயன் குறைவு. ஒவ்வொரு பொருளின் படமும் நிறையும் எங்கே எடுக்கப்பட்டது என்பதும் சேர்ந்த பட்டியல் வேண்டும். அதை கொழும்பில் ஒரு கந்தோரில் வைக்காமல், போரதீவுப்பற்று உட்பட வடக்கு கிழக்கின் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும், புத்தளத்திலும், தமிழில் வைக்கவேண்டும். ஆள் தேடி வந்தால், பொருளின் ஒரு விவரத்தைப் படத்தில் மறைத்துவைத்து, அதைச் சொல்லச் சொல்லலாம். களவு போன நகைக்குப் பொலிஸ் நிலையத்தில் கேட்பதும் இதைத்தானே.

கள்ள உரிமை கோருவார்கள் என்று ஒரு பதில் வரும். வருவார்கள்தான். ஒரு சங்கிலிக்கு மூன்று பேர் வந்தால் விசாரிக்க வேண்டியிருக்கும். தீராவிட்டால் அந்த ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். அதற்காக ஒருவரையும் கேட்காமலிருப்பது ஞாயமில்லை. முல்லைத்தீவுப் பக்கம் புலிகளின் தங்கம் இருக்கிறதென்று யாரோ சொன்னதும் நீதவானின் அனுமதி எடுத்து, பெக்கோ கொண்டுவந்து, அதிகாரிகள் சூழ நின்று ஒரு நாள் முழுக்கத் தோண்டி வெறுங்குழியோடு திரும்பியிருக்கிறார்கள். இல்லாத தங்கத்துக்கு அவ்வளவு ஆளும் எண்ணெயும் செலவழிக்க முடியுமென்றால், கையில் இருக்கும் தங்கத்துக்கு ஒரு கமராவும் இரண்டு எழுதுவினைஞர்களும் பெரிய செலவல்ல.

எனக்கு இருக்கும் உடனடிப் பயம் மதிப்பீடு பற்றியது. இரத்தினக்கல் அதிகாரசபை மதிப்பிடுவது கரட்டையும் கிராமையும். உரியவர் இல்லை என்று முடிவெடுத்து அரசுடைமையாக்கினால் அடுத்தது உருக்குவதுதான். உருக்கிய கட்டியில் அட்டியல் இருக்காது, அதைச் செய்வித்த ஆளும் இருக்கமாட்டார், மத்திய வங்கியின் கணக்கில் ஒரு நிறை இருக்கும். படம் எடுத்து, எண் போட்டு, பட்டியல் வெளியிட்டு, உரிமை கோர நியாயமான கால அவகாசம் கொடுக்கும் வரை ஒரு பொருளையும் உருக்கக்கூடாது என்று நீதிமன்றத்தில் ஒரு கட்டளை பெறவேண்டும். மட்டக்களப்பு, வன்னி, புத்தளம் மாவட்டங்களின் பாராளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராமல் சேர்ந்து கேட்கக்கூடிய விடயம் இது. அம்மம்மாவுக்கு இந்தத் தையில் எண்பத்தேழு. அட்டியலின் பதக்கத்தில் எத்தனை சிவப்புக்கல், அதில் எந்தக் கல் மாற்றிப் பதித்தது என்று இன்னும் தடுமாறாமல் சொல்கிறார்.